காலியா, இருக்கா?

“இந்த அம்மா எதையுமே நம்ப மாட்டாங்களா?”

வரிக்கு வரி ‘அங்கே ஏதாவது இருக்கா, காலியா?’ என்று கேட்டுவிட்டே நகரும் புரோகிராமைப் பார்த்து மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். எழுதியவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்; ஃபோனில்தான் பழக்கம்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றிய அன்று, மற்றவர்கள் எழுதியவையெல்லாம், ஏதோ இருக்கும் என்று நம்பிக் காலி இடத்தில் கைவைத்துப் படுத்துவிட்டன. ஐசியூவில் பதினோரு பேரின் மூச்சைக் கவனிக்கும் அவருடைய புரோகிராம் மட்டும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பாராட்ட ஆபீசுக்கே அழைத்தார்கள். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உ... உட்காருங்கம்மா.”

“இருங்க சார். வீட்டுல எது எங்கேன்னு தெரியும். இது புது இடமாச்சே!”

சிரித்தபடி வெள்ளைத்தடியை மடக்கினார். நாற்காலி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார்.