கையெழுத்துக் கார்டு

“அம்மா, கோயம்புத்தூர்க்காரரும் பராதி எழுதியிருக்காரு. முப்பது ரூபா ஸ்டாம்புக்கு இருபத்தஞ்சு ரூபா தபால்செலவான்னு கேக்காரு” என்றாள் சுஜா, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

பழைய திருவிதாங்கூர் ஸ்டாம்புகளை இன்டர்நெட்டில் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே சண்டைதான்.

“சாதா தபால்ல அனுப்பினா என்னம்மா?”

“ரெஜிஸ்டர் தபால்தான். வாங்கினவங்க கையெழுத்துப் போட்ட கார்டு திரும்பி வரணும்” என்றாள் பார்வதியம்மாள்.

“அதுக்கும் நம்ம வீட்டு விலாசம் வேண்டாம்னு என் கழக்கூட்டம் ஆபீஸ் விலாசத்தைப் போடச் சொல்லுதீங்க. இந்தாங்க, இவரோட கார்டு வந்தாச்சு.”

பார்வதியம்மாள் பீரோவிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வந்து, கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெயர் வேறு. ஆனால் கையெழுத்துக்குக் கீழே பின்னோக்கி இழுத்த கோடும் இரண்டு புள்ளிகளும் அப்படியே இருந்தன.

சுஜாவுக்கு நாலு வயதாயிருந்தபோது, ஸ்டாம்பு ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அவள் அப்பாவின் கடிதம் அது.

இருபது வருஷமாக விடாமல் வைத்துவந்த குங்குமத்தைப் பார்வதியம்மாள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“அம்மா! என்ன செய்யுதீங்க?”

“அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுது மக்களே. இனிமே எல்லாருக்கும் சாதா தபாலே போதும்.”