கிடா சிலிர்க்கவில்லை

"பூசையை ஒரே ஒரு வாரம் தள்ளி வைங்கண்ணே. அடுத்த வெள்ளிக்கிழமைன்னா நானும் வந்துருவேன்."

ஒக்ஸாவி கேட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். ஊர்க் கூட்டம் மொத்தமும் பூசாரி யானிஷைப் பார்த்தது.

அவள் புருஷன் போன மாதம் செத்துப் போனான். பூசை இந்த வெள்ளிக்கிழமை; நாற்பதாம் நாள் காரியம் அதற்கு அடுத்த புதன்கிழமை. அது முடியாமல் துக்க வீட்டுக்காரர்கள் சாமித் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது. விதைப்புக்கு முன்னால் நடக்கும் அகவைரெம் பூசையில் எந்த வீட்டார் வந்து பெயர் சொல்லவில்லையோ, அந்த வீட்டு நிலம் அந்த வருஷம் தரிசுதான். எங்கள் மாரி இனத்து ஊர்களில் இதை மீறியவர்கள் யாரும் கிடையாது.

எபாய் எழுந்தான். கூட்டம் என்றால் அவன் வாய்தான் முதலில் திறக்கும்.

"தங்கச்சி, உன் கஷ்டம் தெரியுது. ஆனா வர்ற வாரம் மழைன்னு செல்போன்ல காட்டுது. டிராக்டர் இந்தச் சனி, ஞாயிறுதான் நமக்கு. விட்டா பக்கத்து ஊருக்குப் போயிடும். ஒரு வீட்டுக்காக ஊரே கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?"

"மூணு பிள்ளைங்கண்ணே."

"எங்க வீட்டுப் பிள்ளைங்க மட்டும் என்ன, காத்தையா குடிக்குது?"

சிலர் சிரித்தார்கள். ஒக்ஸாவி பூசாரியின் பக்கம் திரும்பினாள். அவர் மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவள் பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர்.

"நாளைத் தள்ளி வைக்க நான் யாரும்மா?" என்றார் யானிஷ். "ஊர் குறிச்ச நாள் குறிச்சதுதான். வேணாம்னு சொல்ற உரிமை சாமிக்கு மட்டும்தான்."

வெளியே வந்ததும், "இந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். யாரும் உரக்கச் சொல்லவில்லை. அவரவர் வீட்டு வாசலில் விதை ஓட்ஸ் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மர நிழலில் இன்னும் பனி மிச்சமிருந்தது. எல்லோரும் வெள்ளை உடுப்பில் தோப்புக்கு வந்துவிட்டார்கள். அண்டாக்களுக்கு அடியில் விறகு புகைந்தது. பெண்கள் அடுக்கு அப்பங்களைத் துணி விரித்து வைத்தார்கள். ஒக்ஸாவி மட்டும் வேலிக்கு வெளியே நின்றாள்.

கிடா எபாயுடையது. மறு ஒன்று இல்லாத வெள்ளைக் கிடா. அதை இதற்குள் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தான்.

யானிஷ் ஊற்றுத் தண்ணீர் வாளியும் செம்புமாக வந்தார். தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறை ஊற்றியும் சிலிர்க்காவிட்டால் பூசை அடுத்த வெள்ளிக்குப் போகும். கிடா கொடுத்த வீட்டில் ஏதோ தீட்டு என்று ஊர் பேசும்.

முதல் தடவை ஊற்றினார். கிடா பாட்டுக்கு அசைபோட்டது.

இரண்டாம் தடவை. அது அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எபாய், நேத்து குளிச்சியா இல்லையா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"ரெண்டு தடவை குளிச்சேன்யா!"

"அப்போ வீட்டுல சண்டை கிண்டை போட்டியா?"

எபாயின் மனைவி தாய்ரா தலையைக் குனிந்துகொண்டாள். சில வருஷங்களுக்கு முன்னால் இப்படிக் கிடா சிலிர்க்காத ஒரு வீட்டின் ரொட்டியை அந்தக் கோடை முழுக்க யாரும் தொடவில்லை. தொடாதவர்களில் எபாயும் ஒருவன். இப்போது மழை, டிராக்டர், ஊர் வாய் என்று எல்லாம் சேர்ந்து அவன் தலைக்குள் சுற்றின.

"குடுங்கண்ணே, நானே ஊத்தறேன்."

"என் வேலையை என்கிட்ட விடு, எபாய்."

"உங்க கை ராசி இன்னைக்குச் சரியில்ல."

பூசாரி விடவில்லை. எபாய் வெடுக்கென்று வாளியைப் பிடுங்கி, செம்பை உள்ளே முக்கினான். விரல்களும் முங்கின.

ஊற்றுத் தண்ணீர் இந்தப் பருவத்தில் விரலை விறைக்க வைக்கும். வாளியில் இருந்த தண்ணீரில் பச்சைக் குழந்தையையே குளிப்பாட்டலாம், அவ்வளவு இதமான சூடு.

எபாய் நிமிர்ந்தான். யானிஷின் உதடு காய்ந்திருந்தது. அவர் எபாயைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, தண்ணிக்குள்ள மீனா பிடிக்கிற? ஊத்து!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஊற்று பத்தடி கீழேதான். தண்ணீர் சூடு என்று ஒரு வார்த்தை போதும். இன்றைக்கே பூசை, நாளைக்கே விதைப்பு, அவன் வீட்டின் மேல் ஒரு சொல் விழாது. பூசாரி மட்டும் இனி இந்தத் தோப்பில் தலை காட்ட முடியாது.

எபாய் செம்பை மெதுவாகச் சாய்த்தான். கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"சிலிர்க்கல" என்றான்.

வேறு யார் கையும் படுவதற்குள், வாளியில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை மரத்தடியில் கவிழ்த்தான்.

"என் வீட்டுலதான் ஏதோ தீட்டு போல. அடுத்த வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்."