வாசித்த கை

"அண்ணே, நான் மூடியைத் திறக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்குங்க."

"மூடினா தூங்கிடுவேன். சும்மா திற தம்பி" என்றார் ரிதம் கிடார் வாசிக்கிற ரிதம்காரர்.

மதியம் மூன்று மணி. இசைக்குழுவின் ஒத்திகை அறையில் மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. பாடகியும் டிரம்ஸ்காரரும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். காலையிலிருந்து ஒரே பாட்டைப் பதினோரு தடவை எடுத்ததில், ஏழு தடவை பாதியில் நின்றது ரிதம்காரரால்தான். ஆறு மாதமாக இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன. இனி அவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குழுவில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். வாய் வரவில்லை.

லீட் கிடார் வாசிக்கிற அந்தத் தம்பிக்குக் குழுவில் 'தாடி' என்று பேர்; அவனுக்குக் களைப்பு என்பதே கிடையாது. பழைய சாமான் கடை எந்தச் சந்தில் இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்விடுவான். போன மாதம் ஒரு பழைய மைக். அதற்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர். அது பாட்டைவிட இரைச்சலைத்தான் சுருதி சுத்தமாகக் கொடுத்தது.

இன்றைக்குக் கறுப்புப் பெட்டிக்குள் மின்சாரம் தேவைப்படாத ஒரு அக்கூஸ்டிக் கிடார். மேல்பலகை தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? அவ்வளவுதானா? நான் சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாளா இதைக் கட்டிக்கிட்டு அழறேன்!"

தாடி மடியில் வைத்துக் கம்பிகளை மெல்ல ஒரு தடவை மீட்டினான். சத்தம் எழும்பி அறை முழுக்க நின்றது. அடங்கவே மனசில்லாதது போல அடங்கியது. ரிதம்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேடையில் எலக்ட்ரிக் கிடார்தான். இந்தக் குழுவில் யாரும் யார் வீட்டுக்கும் போனதில்லை. ஒத்திகை முடிந்தால் ஹோட்டல் மேடை, மேடை முடிந்தால் அவரவர் வீடு.

"இங்க பாருங்க" என்று கிடாரைத் திருப்பினான் தாடி. "ஓரத்துல பாலிஷே இல்லை. முழங்கை பட்டுப் பட்டே தேஞ்சிருக்கு. எத்தனை வருஷம் வாசிச்சிருந்தா இப்படி ஆகும்! ஆனா மேல ஒரு கீறல் கிடையாது. கொழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கியிருக்கான் மனுஷன்."

"யாரு வித்தாங்களாம்?"

"ஒரு அம்மா. தன்னந்தனியா பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்களாம். மேசைமேல வச்சுட்டு ரொம்ப நேரம் பெட்டிமேல இருந்து கையை எடுக்கவே இல்லையாம். கடைக்காரனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சாம்."

"ஏன் வித்தாங்க?"

"புருஷன் தவறிட்டாராம்."

ரிதம்காரர் நிமிர்ந்தார். "கடைக்காரன் சொன்னானா?"

"ஆமாண்ணே. பாவம், யாரு பெத்த பிள்ளையோ. எந்த மேடையில வாசிச்சாரோ. நமக்கு ஒருநாள் கேக்கக் குடுத்து வைக்கலை பாருங்க. பிடிங்க, வாசிச்சுப் பாருங்க."

"வேணாம் தம்பி."

"அட, பிடிங்கண்ணே!"

மடியில் வந்து விழுந்துவிட்டது. ரிதம்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். மூன்று விரல்களால் கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய ஒரு சாதாரண கார்டு. இரண்டு விரல்கள் போய் உட்கார்ந்தன. மூன்றாவது விரல் வழியிலேயே நின்றுவிட்டது. கம்பி கர்ரென்று இரைந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் அதே இரைச்சல்.

"புதுக் கம்பிண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று அவசரமாகச் சொல்லி, தாடி கிடாரை வாங்கிக்கொண்டான். சும்மா இருந்து பழக்கமில்லாதவன், மறுபடியும் ஆரம்பித்தான்.

"கோச்சுக்காதீங்க. மனசுல பட்டதைச் சொல்றேன். இதை வாசிச்ச ஆள் மட்டும் நம்ம குழுவில இருந்திருந்தா…"

"இருந்திருந்தா?"

"காலையில ரெண்டே தடவையில பாட்டு முடிஞ்சிருக்கும்."

ரிதம்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"முடிஞ்சிருக்கும்தான்" என்றார். "தம்பி, அடுத்த வாரத்துலேருந்து எனக்குப் பதிலா வேற ஆள் பார்த்துக்குங்க."

"ஐயையோ, அண்ணே! நான் என்னமோ வாய்க்கு வந்ததை…"

"நீ சொன்னதுக்காக இல்லை. விரல் ரெண்டும் போச்சு. டாக்டரும் பார்த்துட்டார். இன்னிக்குச் சொல்லணும்னுதான் வந்தேன். நல்ல வேளை, நீயே வாயைக் கிளறிட்டே."

தாடி அவர் கையையே பார்த்தான். ரிதம்காரர் எழுந்து எலக்ட்ரிக் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அதைப் பத்திரமா வச்சுக்கோ. மழை நாள்ல கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி வை. தினமும் வாசி, சும்மா போட்டு வைக்காதே."

"சத்தியமா வாசிப்பேண்ணே."

"அது போதும்."

அவர் படியிறங்கும்போது எதிரே டீ குடித்துவிட்டு ஏறி வந்தவர்கள், "என்னண்ணே, அதுக்குள்ளேயா?" என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எங்கே என்னைப் பத்திப் பேசினாங்க? செத்துப்போன ஒருத்தரைப் பத்தித்தான் ஒரே புகழ்ச்சி" என்று நாற்காலியில் சாய்ந்தார் ரிதம்காரர். பிறகு கேட்டார்: "ஏம்மா, என் கிடாரைக் கொண்டுபோய்க் கடையில குடுத்தப்போ, நான் செத்துட்டேன்னா சொன்னே?"

அவள் மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"அப்படிச் சொல்வேனா? 'வாசிக்கிறவர் இப்ப இல்லை'ன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு மேல பேச முடியலைங்க."