பந்தயக் காருக்குள் இறங்கிய புது ஆயில்

பட்டறை அலமாரியில் இருந்த சிந்தெடிக் ஆயிலுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷத்துப் பழைய பந்தயக் காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த மெக்கானிக் சூசை, கடைசியில், "அந்தச் சூட்டை இதுதான் தாங்கும்" என்று அதைத்தான் எடுத்தார்.

இன்ஜினுக்குள் இறங்கியதும் அது முகம் சுளித்தது.

"சீ, எவ்வளவு கறுப்பு! ஒரே ஓட்டத்தில் எல்லாத்தையும் கழுவித் தள்ளிடறேன்."

மூலையில் இருந்த ரப்பர் சீல் பதறியது. "ஐயா, என்மேல ஒட்டியிருக்கிற அழுக்கை மட்டும் விட்டுடுங்க. நான் வெடிச்சுப் பல வருஷமாச்சு. அதுதான் என் விரிசலை அடைச்சிருக்கு. அது போனா நீங்க மொத்தமும் ரோட்டில் ஒழுகிடுவீங்க."

"அழுக்குக்குச் சிபாரிசா?" என்று ஆயில் சிரித்தது.

அப்போது சூசை சாவியைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினார்.

இன்ஜின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று! இரும்பு இடியாய் இடித்தது. மேலே நெருப்பு வெடித்து வெடித்து அணைந்தது. ஆயில் மூச்சுவிட மறந்து பறந்தது. அந்தப் பிரளயத்தின் ஓரத்தில், வெடித்துப்போன அந்தச் சீல் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டையும் வெளியே விடாமல் நின்றது.

அதன் பிறகு ஆயில் அந்த மூலையை உரசாமல் ஒதுங்கியே போனது.

ஆறு மாதம் கழித்து, ஆயில் மாற்றுவதற்காக அதைத் தட்டில் வடித்தார்கள். அலமாரியில் அடுத்து ஊற்றக் காத்திருந்த புது ஆயில் டப்பா மூக்கைப் பொத்தியது.

"என்ன கோலம் இது! எனக்குக் கழுவ ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா?"

"ஒரு மூலையில் இருக்கு" என்றது கறுத்துப்போன ஆயில். "அங்கே போனா செருப்பைக் கழற்றிட்டுப் போ."