பெர்சி கேட்ட நானூறு மணி நேரம்

"உங்க குரல் கேக்கலைன்னா பெர்சி தூங்கவே மாட்டேங்கிறான்" என்றார் லாயத்துக்காரர் டன்ஸ்டன், மொய்ராவின் முகத்தைப் பார்க்காமல் தேநீரைக் கலக்கியபடி.

மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி இந்தப் பந்தய லாயத்துக்கு மொய்ரா வந்தது பெர்சியைப் பரீட்சை எழுத வைப்பதற்காக. இப்படி ஒரு சேதியை எதிர்பார்த்து வரவில்லை.

அவள் வேலை பார்க்கும் குதிரைப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனத்தில் இணையவழிப் பாடங்களை ஆரம்பித்ததே அவள்தான். விடியுமுன்னே லாயத்துக்கு ஓடுகிறவர்கள் வகுப்புக்கு எப்படி வருவார்கள், முடிந்த நேரத்தில் கைபேசியிலேயே படிக்கட்டும் என்று மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். தீவனம் கலப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது என்று நாற்பது பாடங்களைத் தன் குரலிலேயே பதிவு செய்தாள். அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் அறுபத்திரண்டு பேரைக் காணோம்.

மிஞ்சியது பெர்சி டன்ஸ்டன் மட்டும். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் கேட்டிருந்தான். குளம்புப் பாடம் மட்டும் தொண்ணூறு தடவை. ஆனால் ஒரு தேர்வையும் தொடவில்லை. அவள் அனுப்பிய ஆறு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒருவராவது தேறாவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"நீங்க வந்து கேப்பீங்கன்னு தெரியும்" என்றார் டன்ஸ்டன். "லாயத்துக்கு ஒரு இடம் இலவசம்னு எழுதியிருந்தீங்க. நான்தான் அவன் பேரைப் போட்டேன். தப்புன்னா தப்புதான்."

"தப்பே இல்ல. அவரை மாதிரி ஆளுங்களுக்காகத்தானே இந்தப் படிப்பே."

டன்ஸ்டன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். பெர்சி முன்பெல்லாம் யாரையும் அருகில் விடமாட்டானாம். அவன் முரட்டுத்தனம் தாங்காமல் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். சாப்பாட்டில் வாய் வைப்பதில்லை. டாக்டர் வந்து பார்த்தார். ஆனால் மருந்து கொடுத்தால் பந்தயச் சோதனையில் மாட்டிக்கொள்வான். அப்படியிருக்கும்போது ஒருநாள் யாரோ கைபேசியில் மொய்ராவின் பாடத்தைப் போட்டார்கள். பெர்சி அப்படியே அடங்கிப்போனான். அன்றிலிருந்து காலையும் மாலையும் பாடம்தான். கடைசியாகக் கலந்துகொண்ட மூன்று பந்தயங்களிலும் முதலிடம்.

பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி போலிருக்கிறது என்று மொய்ரா நினைத்துக்கொண்டாள்.

"வேற ஆசிரியர் பாடம் எதையாவது போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டோமே. ஆம்பளைக் குரல்னா சுவரை உதைக்கிறான்."

மொய்ராவுக்கு முகம் சூடேறியது. நாற்பத்தாறு வயது. உன்னோடு பேசுவது வானிலை அறிக்கை கேட்பது போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கணவன் போய்ப் பதினோரு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் குரலை எவரும் இரண்டாவது தடவை கேட்க விரும்பியதாக நினைவில்லை. இங்கே ஒருவன் தொண்ணூறு தடவை கேட்டிருக்கிறான். ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மறுகணமே தன்மீதே கோபம் வந்தது. ஆசிரியை ஆசிரியையாக இருக்க வேண்டாமா?

"இதுக்கு முன்னால பரீட்சைகூட முக்கியமில்ல" என்று எழுந்தாள். "அவர்கிட்ட நானே நேர்ல பேசிடறேன்."

"பேசுங்க. நேர்லயே கேட்டா சொக்கிப்போயிடுவான்."

முற்றத்தைக் கடந்து நடக்கும்போது, மனம் நோகாமல் சொல்வது எப்படி என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். கடைசி அறையிலிருந்து அவள் குரலே கேட்டது. குளம்பின் நடுப்பகுதியைச் சுரண்டும்போது அவசரப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அறை வாசலில் நின்று, பார்வையைத் தன் காலணிகளைவிட்டு எடுக்காமல், அடுக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"பெர்சி, உங்க அன்புக்கு ரொம்ப நன்றி. ஆனா நான் உங்க ஆசிரியை. நமக்குள்ள வேற எதுவும் சரிப்பட்டு வராது. என்னை மன்னிச்சிடுங்க."

பின்னால் வந்துகொண்டிருந்த டன்ஸ்டனின் காலடியோசை நின்றுபோனது. அவள் பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது.

மொய்ரா நிமிர்ந்தாள். அரைக் கதவுக்கு மேலே கழுத்தை நீட்டியிருந்த ஐந்து வயதுப் பழுப்புக் குதிரை பெர்சி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு, தன் கனத்த தாடையை அவள் தோளில் மெல்ல இறக்கி வைத்தது.