பக்கத்து வீட்டு வயர்

தில்லையம்பலத்தின் வேரியாக் பெட்டி, குறைந்த கரண்டைக் கூட்டித்தரும். அதன் சுருளிலிருந்து பக்கத்து வீட்டு அம்பலவாணருக்கும் ஒரு வயர் போனது. பொழுதுபட்டு வேலணைத் தீவு முழுக்க விளக்கெரிந்தால் பெட்டியின் வோல்ட் முள் நூற்றறுபதுக்கு இறங்கிவிடும். தில்லையம்பலம் குமிழைத் திருகி ஏற்றுவார். பல்ப் பிரகாசித்ததும் வேலிக்கு அப்பாலிருந்து, ஏற்றியது போதுமென்று, "காணும் அண்ணை" என்பார் அம்பலவாணர்.

சண்டையில் கரண்ட் நின்றது. தப்பிப்போக வள்ளமேறிய அம்பலவாணர் குடும்பம் கரைசேர்ந்ததாகத் தகவல் இல்லை. தில்லையம்பலம் சுருளின் வயர்களையெல்லாம் கழற்றிவைத்தார். அன்று பொழுதுபட, பூச்சியத்தில் கிடந்த முள் நூற்றறுபதில் வந்து நின்றது.

"ஒரு வயரும் இல்லையே, இஞ்சாருங்கோ!" என்றாள் மனைவி நாகேஸ்வரி. "அதைத் தொடாதேங்கோ."

பழகிய கை கேட்கவில்லை; குமிழைத் திருகியது. முள் ஏறிக்கொண்டே போனது.

வேலிக்கு அப்பால், இருண்டு கிடந்த வீட்டிலிருந்து குரல் வந்தது: "காணும் அண்ணை."