அணையாத பச்சை விளக்கு

"உள்ள விட மாட்டேங்குதுங்க!"

கைபேசியில் கணவனிடம் படபடத்தாள் புனிதா.

"பதறாம சொல்லு. என்ன ஆச்சு?" தெலுக் பங்லிமா காராங் ஊர்த் தொழிற்சாலையின் இரைச்சலுக்கு மேல் கத்தினான் முகுந்தன்.

"நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்கல்ல, கிள்ளான்ல யாரோ ஒருத்தன் வைஃபைக்குள்ள பூந்து, கேமரா வழியா தொட்டில் புள்ளைகிட்ட பேசினான்னு? நம்ம பாப்பாவுக்கும் கேமரா வச்சிருக்கோமே, அதான் பாஸ்வேர்ட மாத்திடலாம்னு போன்ல ரூட்டர் செட்டிங் பக்கத்தத் திறந்தேன். ரூட்டர் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டத்தான் போட்டேன். தப்புங்குது. திரும்பத் திரும்பப் போட்டேன். இப்போ பக்கத்தையே பூட்டிடுச்சு!"

"நாம அத மாத்தவே இல்லியே!"

"அப்போ வேற யாரோ மாத்திட்டான்."

இயந்திரச் சத்தத்திலிருந்து சற்று விலகி வந்தான் முகுந்தன்.

"பக்கத்து வீட்டுக் கெல்வினா இருக்குமோ? கம்ப்யூட்டர் வேலை பாக்குறவன்லா."

புனிதாவுக்கும் அதே சந்தேகம்தான். லிஃப்ட்டில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வான். எந்நேரமும் காதில் எதையாவது மாட்டியிருப்பான். நல்லவன் எதற்குக் குனிய வேண்டும்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"மொதல்ல ரூட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணு. லைன் செத்துட்டா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

ஓடிப்போய் அணைத்தாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அடங்கின. அப்பாடா என்று படுக்கையறைக்குள் நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு மேலே கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லைன் இல்லாவிட்டால் அது சிவப்பாக மாற வேண்டும்.

"என்னங்க... பெட்டி செத்துப்போச்சு. கேமரா மட்டும் ஓடுதுங்க!"

இந்த நிமிடமும் எவனோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேமராவின் மேல் துண்டை வீசிவிட்டு, பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம்.

கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். கெல்வின்!

"அவனேதாங்க! வந்து நிக்கிறான்!"

"திறக்காத! நான் கீழ செக்யூரிட்டி கார்டுக்குப் போன் போடுறேன்."

"அக்கா, அவசரம். பாப்பா விஷயம்," என்றான் கெல்வின் வெளியிலிருந்து.

பிள்ளை விஷயம் என்றதும் மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்தாள், இரும்பு கிரில்லை மட்டும் திறக்கவில்லை. கெல்வினுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

"அக்கா, எவனோ என் ரூட்டருக்குள்ள பூரப் பாக்குறான். செட்டிங் பக்கத்துல தப்புத் தப்பா பாஸ்வேர்ட் போட்டிருக்கான். இப்பதான் எனக்கு வார்னிங் வந்துச்சு."

"உன்... ரூட்டரா?"

"ஆமாக்கா. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து அன்னிக்கு ஆள் நிறைய வந்து உங்க லைன் ஜாம் ஆயிருச்சுல்ல? உங்க போனையும் பாப்பா கேமராவையும் நான்தானே என் லைன்ல மாட்டி விட்டேன். உங்க லைன் அடிக்கடி விழும், பாப்பா கேமரா நின்னுறக் கூடாதுன்னு அப்புறமும் அப்படியே விட்டுட்டேன்."

பலகாரத் தட்டும் கையுமாக ஓடிய அன்றைய அமளியில் அவள் அதைச் சுத்தமாக மறந்திருந்தாள். எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனிப் பெட்டி, ஒரே மாதிரிப் பக்கம். போன் யார் லைனில் இருக்கிறதோ அவர் ரூட்டரின் பக்கம்தான் திறக்கும். இவ்வளவு நேரம் அவள் உடைக்கப் பார்த்தது இவனுடைய பூட்டை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். வெட்கம் தடுக்க, போனைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கெல்வின் கிரில் வழியாகக் கையை நீட்டினான்.

"போனக் குடுங்கக்கா, என் லைன் பாஸ்வேர்ட மாத்திட்டேன், புதுசப் போட்டுத் தரேன். நீங்க பாப்பாவோட தனியா இருக்கீங்க, கிரில்லத் திறந்துடாதீங்க. திருடன் ரொம்பப் பக்கத்துலதான் இருக்கான்."